நாற்காலியின் பின்னால்

பிரெஞ்சுக்காரர்களுக்கும் செங்கற்பட்டுச் சீமைக்கும் உறவு பழையது. கடப்பாக்கத்தை அடுத்த ஆலம்பரைக் கோட்டை 1750-ல் அவர்கள் வசம் வந்து, 1760-ல் ஆங்கிலேயரிடம் போயிற்று. செங்கற்பட்டுக் கோட்டையை 1752-லேயே கிளைவிடம் பறிகொடுத்தார்கள். பீரங்கியால் சாதிக்க முடியாததைக் கரண்டியால் சாதிக்கலாம் என்பதைச் சென்ற மாதம் மாமல்லபுரத்தில் கண்டேன்.

என் தகப்பனாருக்கு வயது 82. பல் இல்லை, கையில் நடுக்கம். முன்பு ஒரு நாள் ஒரு ஹோட்டலில் (பெயர் எதற்கு?) அவர் பாதி இட்டிலி சாப்பிட்டுக் கொண்டிருக்கையில், நாற்காலிக்குப் பின்னால் இடத்துக்காகக் காத்து நின்ற கனவான் ஒருவர், "ஆயிற்றா, பெரியவரே?" என்று கேட்டார். அப்பா மீதியை வைத்துவிட்டு எழுந்துவிட்டார். அன்று முதல் ஹோட்டல் வாசற்படி மிதிப்பதில்லை.

திருக்கழுக்குன்றத்தில் தரிசனம் முடிந்ததும் கடலைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். மாமல்லபுரம் சேர்ந்தபோது உச்சிவெயில். "தலை சுற்றுகிறதடா" என்றார். எதிர்ச் சந்தில் கீற்றுக் கொட்டகையில் ஒரு சிறு பிரெஞ்சு உணவு விடுதி, ஆறே மேஜைகள். வேறு வழியின்றி உள்ளே அழைத்துப் போனேன்.

காய்கறிச் சாறு வந்தது. 'ரெஸ்டாரண்ட்' என்ற சொல் பிரான்ஸில் முதலில் விடுதியைக் குறிக்கவில்லை. களைத்தவனுக்குத் தெம்பு தரும் சாற்றுக்கே அந்தப் பெயர். பதினெட்டாம் நூற்றாண்டில் பாரிஸில் அதை விற்ற கடைகளுக்கே பிறகு அப்பெயர் நிலைத்தது. இதைச் சொன்னேன். அப்பா ஒரு வாய் அருந்தி, "மிளகு போதாது" என்று தீர்ப்புக் கூறினார்.

"நம் மிளகுத் தண்ணீரைத்தான் வெள்ளைக்காரர்கள் 'முல்லிகடானி' என்று கொண்டு போனார்களே!" என்றேன்.

"மிளகைக் கப்பலிலேயே கொட்டிவிட்டான் போலிருக்கிறது!" என்றார். வெகு நாளைக்குப் பிறகு அவர் வெளியிடத்தில் சிரித்தார்.

அடுத்து கத்திரிக்காயும் தக்காளியும் குடைமிளகாயும் எண்ணெயில் குழைய வெந்த 'ராட்டட்டூயி'. "கூட்டுதானே?" என்று ரொட்டியைத் தொட்டுக்கொண்டார். ஒரு கவளம், சிறிது ஓய்வு, மறு கவளம். இதற்குள் வாசலில் இரண்டு குடும்பங்கள் வந்து நின்றன. அப்பா அவர்களைப் பார்த்துப் பதறிக் கையை இழுத்துக்கொண்டார். பரிமாறிய உள்ளூர்ப் பையன் ஓடி வந்து, "அவசரமே இல்லை தாத்தா. நீங்கள் எழுந்திருக்கும் வரை இந்த மேஜை உங்களுடையது" என்றான். வந்தவர்கள் வெளித் திண்ணையிலேயே உட்கார்ந்தார்கள். ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. நாங்கள் கேட்கும் வரையில் பில் வரவில்லை. கேளாமல் பில் நீட்டுவது பிரெஞ்சு வழக்கமல்லவாம்.

விருந்தோம்பல் நம் பிதுரார்ஜிதச் சொத்து என்று மேடையில் முழங்குகிறோம். இலையில் வேண்டிய மட்டும் போடுகிறோம். அதைத் தின்ன வேண்டிய நேரத்தைத்தான் கொடுப்பதில்லை. மத்தியான வேளையில் நம் ஹோட்டல்காரரின் நெருக்கடி எனக்குத் தெரியாததல்ல. ஆனால் பின்னால் நிற்பவர் ஹோட்டல்காரர் அல்லவே, நானும் நீங்களுந்தானே? எத்தனையோ நாற்காலிகளுக்குப் பின்னால் நானும் நின்று, பிறர் இலையை எட்டிப் பார்த்திருக்கிறேன். அங்கே உட்கார்ந்திருந்தவர் யாருடைய தகப்பனாரோ?

இனி நாலடி தள்ளி நிற்பதாகத் தீர்மானித்திருக்கிறேன். நேயர்களும் நின்று பார்க்கலாம்.

நேற்று அப்பா கேட்டார்: "ஏண்டா, அந்தச் சாற்றுக் கடைக்கு மறுபடி எப்போது? மிளகுப் பொட்டலம் நான் எடுத்து வருகிறேன்."