தாயத்து சோறு ஊட்டுமா?

மகள் சாப்பாட்டுத் தட்டை ஒதுக்குகிறாள். எலும்பும் தோலுமாகி நிற்கிறாள். "குண்டாக இருக்கிறேன்" என்று அழுகிறாள். நாம் என்ன செய்கிறோம்? ஒருவர் தாயத்துக் கட்டச் சொல்கிறார். இன்னொருவர், "தாய் வளர்த்த லட்சணம்" என்கிறார்.

சகோதரர்களே! இது பேயுமல்ல, பிடிவாதமுமல்ல. உயிர் குடிக்கும் மனநோய்! 1689-லேயே லண்டன் மருத்துவர் ரிச்சர்ட் மார்ட்டன் இத்தகைய இருவரைப் பற்றி எழுதினார். ஒருவன் 16 வயதுப் பையன். மற்றவள் இளம்பெண், மருந்தை வெறுத்து நிறுத்தினாள், இறந்தாள்.

மனநோயாளிகளை மருத்துவரிடம் காட்டாமல், தர்காவையொட்டிய காப்பகத்தில் சங்கிலியால் கட்டிப் போட்டதன் விலை தெரியுமா? 2001 ஆகஸ்ட் 6-ல் ஏர்வாடி தீயில் 28 உயிர்கள்!

பெற்றோர் குற்றவாளிகள் அல்லர், அவர்களே மருந்து! லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1980-களில் வளர்ந்த வழி இது: மருத்துவர் துணையோடு பெற்றோரே அருகில் அமர்ந்து வேளை தவறாமல் உண்ண வைப்பது. மாதக்கணக்கில் ஆகும். தட்டு பறக்கும்; பிள்ளை ஏசும். பொறுமை வேண்டும். பட்டினி கிடந்த உடலுக்குத் திடீரென்று அள்ளித் திணிப்பதும் ஆபத்து. அளவை மருத்துவர் சொல்லட்டும்.

கடலூர் வியாபாரிகளே! கல்லாவை விட்டு எழுந்து மகளோடு உட்காருங்கள். முன்பு ராஜா முத்தையா மருத்துவமனை எனப்பட்ட சிதம்பரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416-ல் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். துஆவும் கேளுங்கள், மருத்துவரிடமும் செல்லுங்கள்! எது பெரிது? ஊர் வாயா, மகள் உயிரா?