மக்தப் உஸ்தாதுக்கும் பயிற்சி வேண்டும்

நான்கு வயதுப் பிள்ளையை மக்தபில் சேர்க்கும் பெற்றோர் எங்களிடம் பெரும்பாலும் கேட்பது ஒன்றுதான்: "எப்போது குர்ஆன் ஆரம்பிப்பான்?" ஜமாஅத் நிர்வாகமும் அதையே கேட்கிறது. ஆண்டு விழா மேடையில் எத்தனை பிள்ளைகள் எத்தனை ஸூராக்கள் ஒப்பித்தார்கள் என்பதே கணக்கு. பாடம் நடத்தும் உஸ்தாத் இந்த ஓராண்டில் புதிதாக என்ன கற்றார் என்று எவரும் கேட்பதில்லை.

எங்களுள் சிலர் ஏழாண்டுகள் ஓதிய ஆலிம்கள், சிலர் ஹாஃபிழ்கள், சிலர் இஸ்லாமியக் கல்வியில் பட்டயம் பெற்றவர்கள். நஹ்வும் ஃபிக்ஹும் ஹதீஸும் முறையாகப் பயின்றோம். ஆனால் ஐந்து வயதுப் பிள்ளையின் நா எப்படிப் புரளும், அது எவ்வளவு நேரம் ஓரிடத்தில் அமர்ந்திருக்கும் என்பவை எங்கள் பாடங்களில் பெரும்பாலும் இடம்பெறவில்லை.

'ரா' என்னும் எழுத்தை எடுத்துக்கொள்வோம். அந்த வயதுப் பிள்ளைகள் பலர் ரயிலை 'லயில்' என்றே சொல்வர். வளர வளர அது பெரும்பாலும் தானே சீராகும். அந்தப் பிள்ளை 'ரப்பி' என்பதை 'லப்பி' என ஓதினால் அது அலட்சியமும் அன்று, பிடிவாதமும் அன்று. இதை அறிந்த உஸ்தாத் புன்னகையோடு திருத்தி அடுத்த எழுத்துக்குச் செல்வார். அறியாதவர் பத்து முறை திரும்பச் சொல்ல வைப்பார். பதினோராம் முறை குரல் உயரும். ஸா, ஸீன், ஸாத் மூன்றும் அவ்வாறே. தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளையின் காதுக்குத் தொடக்கத்தில் மூன்றும் ஒன்றாகவே கேட்கும். முதலில் காதைப் பழக்க வேண்டும், பிறகே நாவை.

அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூ உமைர் வளர்த்த சின்னஞ்சிறு பறவை இறந்தபோது, நபி (ஸல்) அவர்கள் அந்தப் பறவையைப் பற்றியே அச்சிறுவரிடம் பரிவோடு கேட்டார்கள். பிள்ளையின் உலகத்துக்குள் இறங்கிப் பேசும் இம்முறை நமக்கு ஸுன்னத்தாகவே கிடைத்திருக்கிறது. கடுமை காட்டி வளர்க்கப்படும் சிறுவர்கள் பொய்யும் சூதும் பழகிவிடுவர் என்று இப்னு கல்தூன் 1377-இல் எழுதிய முகத்திமாவில் எச்சரித்தார். அதற்கும் ஐந்து நூற்றாண்டுகள் முன்பே, கைரவானைச் சேர்ந்த இப்னு ஸஹ்னூன் ஆசிரியர்களின் ஒழுங்குகள் குறித்துத் தனி நூலே இயற்றினார். ஆசிரியருக்கும் பயிற்சி வேண்டும் என்பது மேற்கிலிருந்து வந்த கருத்து என்போர் இதைக் கவனிக்க வேண்டும்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த அங்கன்வாடி ஊழியருக்கு 6 மாதச் சான்றிதழ்ப் படிப்பும், அதற்குக் குறைவாகப் படித்தவருக்கு 1 ஆண்டுப் பட்டயப் படிப்பும் தர வேண்டும் என்கிறது 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை. அக்கொள்கையின் பிற பகுதிகளில் நமக்கு உடன்பாடு இல்லாதிருக்கலாம். இதில் மறுக்க ஏதுமில்லை. பக்கத்திலுள்ள கேரளத்தில் 1951-இல் தொடங்கிய ஸமஸ்த கல்வி வாரியத்தின் மதரஸாக்களுக்குப் பொதுப் பாடத்திட்டம் உண்டு. முஃபத்திஷ் நேரில் வந்து வகுப்பைப் பார்வையிடுவார். நம் மஹல்லாக்களிலோ வகுப்பறைக்குள் எட்டிப் பார்ப்பவர் மின்விசிறி பழுதுபார்ப்பவர்தாம்.

ஊதியத்தை உயர்த்தாமல் பயிற்சி பற்றிப் பேசலாமா என்று சக உஸ்தாதுகள் கேட்பர். நியாயமான கேள்வி. ஃபஜ்ருக்குத் தொழவைத்து, பாடம் நடத்தி, பகலில் வேறு பிழைப்பையும் பார்ப்பவரிடம் விடுமுறை நாளையும் கேட்பது அநீதி. ஆகவே பயிற்சி நாளும் ஊதிய நாளாக வேண்டும். போக்குவரத்துச் செலவு ஜமாஅத்துடையது. வீட்டிலேயே ஓதிக்கொடுக்கும் முஅல்லிமாக்களையும் இதில் விட்டுவிடலாகாது. மிகச் சிறிய பிள்ளைகள் பலர் அவர்களிடந்தான் முதலில் வருகின்றனர்.

அடுத்தடுத்த நான்கைந்து மஹல்லாக்கள் சேர்ந்தால் மாதம் அரைநாள் போதும். ஒருவர் பாடம் நடத்த, மற்றவர் பின்னால் அமர்ந்து பார்க்கட்டும் (முதலில் கூச்சமாகத்தான் இருக்கும்). மழலையர் பள்ளிகளில் பணியாற்றும் நம் சகோதரிகளை அழைத்துக் கேட்பதில் கௌரவக் குறைவு ஏதுமில்லை. ஒவ்வொருவரும் ஓராண்டுக்கு ஓர் இலக்கு வைத்துக்கொள்ளட்டும்: ஒருவர் ஒரு காரீயிடம் அமர்ந்து தம் மக்ரஜைச் சீராக்கலாம், இன்னொருவர் பிரம்பை அலமாரியில் பூட்டிவிட்டு வகுப்பை நடத்திப் பார்க்கலாம்.

ஷவ்வாலில் புதிய கல்வியாண்டு தொடங்குகிறது. அதற்கு முன் ஷஃபானில் நிர்வாகம் கூடிச் செலவுத் திட்டம் எழுதும்போது, சுண்ணாம்புக்கும் பாய்களுக்கும் கீழே இதற்கும் ஒரு வரி எழுதுமாறு உங்கள் முத்தவல்லியிடம் கேளுங்கள்.