சுற்றும் இராட்டினமும் சக்கர நாற்காலியும்

சித்திரை வருடப் பிறப்பு வந்துவிட்டால் உடுவில், இணுவில், மருதனார்மடம் ஆகிய எமது ஊர்ப்புறங்களிலே மரக்கிளைகளில் ஊஞ்சல் கட்டி ஆடுவது நெடுங்கால வழக்கம். ஊஞ்சலுக்கு ஒரு சிறப்பு உண்டு. அதில் ஏறி அமர்ந்தவுடன், ஓட்டப் பந்தயத்தில் முதலாவதாக வருபவனும், பத்தடி நடந்தாற் களைத்துப் போகின்றவனும் ஒரே நிலையினர் ஆகிவிடுகின்றனர். கயிறு தாங்குகின்றது, பலகை சுமக்கின்றது, பின்னால் நிற்பவர் தள்ளிவிடுகின்றார், காற்று முகத்தில் மோதுகின்றது. கால்களுக்கு அங்கே பெரிய வேலை எதுவும் இல்லை. ஆயினும், ஊஞ்சல் வரையிற் சென்று சேர்வதற்குக் கால்கள் வேண்டும். இன்றைய கட்டுரையின் பொருள் முழுவதும் இந்த இரு வாக்கியங்களுக்கு இடைப்பட்ட தூரத்திலேதான் இருக்கின்றது.

எமது ஊஞ்சலின் பெரிய உடன்பிறப்புகளே மேலைத் தேயங்களிற் காணப்படும் களியாட்டப் பூங்காக்களின் ஓடுபொறிகள். ஐக்கிய அமெரிக்காவில், நியூயோர்க் நகரைச் சார்ந்த கோனி ஐலண்ட் கடற்கரையில், 1884 ஆம் ஆண்டு லாமார்க்கஸ் தொம்சன் என்பவர் மேடுபள்ளமான தண்டவாளத்தில் மக்களை இருத்தி ஓடவிட்டார். ஒரு முறை செல்வதற்குக் கட்டணம் ஐந்து சதம். ஒன்பது ஆண்டுகள் கழிந்து, 1893 இல் சிக்காகோவில் நடைபெற்ற உலகக் கண்காட்சியில், ஜோர்ஜ் ஃபெரிஸ் என்ற பொறியியலாளர் 264 அடி உயரமுடைய இராட்டினத்தை எழுப்பினார். அதில் 36 பெட்டிகள். பெட்டி ஒன்றில் 60 பேர் செல்லலாம். எமது கோயில் திருவிழாக்களிலும் காணிவேல்களிலும் சுழலும் இராட்டினங்களும் அதன் இனத்தைச் சேர்ந்தவையே.

அதே கண்காட்சியில் இன்னுமொரு வாகனமும் வாடகைக்குக் கிடைத்தது. அதுவே சக்கர நாற்காலி. பரந்து கிடந்த அந்த மைதானத்தை நடந்து பார்த்து முடிக்க இயலாதவர்களைக் கல்லூரி மாணவர்கள் நாற்காலியில் இருத்தித் தள்ளிச் சென்றனர். அமர்ந்தவர்களில் நோயாளர் மட்டும் இருக்கவில்லை. நல்ல உடல்நலம் வாய்ந்த செல்வர்களும் இருந்தனர். அத்திலாந்திக் நகரின் கடற்கரை நடைபாதையிலும், நோயாளருக்கென வந்த உருளும் நாற்காலி விரைவிலே எல்லாரும் விரும்பி ஏறும் உல்லாச வாகனமாயிற்று. சக்கர நாற்காலியில் அமர்வது இழிவு என்ற எண்ணம் அந்நாளில் அங்கு உலாவியவர்களுக்குத் தோன்றவில்லை. சற்றே சிந்தித்தால், களியாட்டப் பூங்கா என்பதே எல்லாரும் காசு கொடுத்துச் சக்கரம் பூட்டிய நாற்காலிகளில் அமரும் இடம் அன்றோ?

சக்கர நாற்காலி என்றவுடன் எம்மவர் மனத்தில் எழும் உருவம் ஒன்றே: இரு கால்களும் முற்றாகச் செயலிழந்து, நாள் முழுவதும் அதிலேயே இருப்பவர். அத்தகையோர் எம்மிடையே பலர் உளர். நீண்ட போர் விட்டுச் சென்ற துயரங்களுள் அதுவும் ஒன்று. ஆனால், வேறொரு சாராரும் உண்டு. அவர்களால் எழுந்து நிற்க இயலும். வீட்டினுள் நடமாட இயலும். சில படிகள் ஏறவும் கூடும். ஆனால் நெடுநேரம் நிற்கவோ, நெடுந்தூரம் நடக்கவோ இயலாது. மூட்டுவாதம் உற்றவர்கள், இதய நோயாளர், இளமையில் இளம்பிள்ளைவாதம் கண்டு முதுமையில் மீண்டும் தசை தளர்பவர்கள், நரம்பு நோயால் நாளுக்கொரு விதமாக வலிமை மாறுபவர்கள் ஆகியோர் இவ்வகையினர். இவர்களுக்கு நாற்காலி, சிலருக்கு மூக்குக்கண்ணாடி எவ்வாறோ அவ்வாறு. படிக்கும்போது மாத்திரம் கண்ணாடி அணிபவரை நாம் பொய்யர் என்பதில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து நான்கடி நடப்பவரை மாத்திரம் ஏன் ஐயக் கண்ணோடு நோக்குகின்றோம்?

இந்த ஐயம் எமது பேச்சு வழக்கிலேயே குடிகொண்டிருக்கின்றது. பொய்க் காரணம் சொல்பவனை ‘நொண்டிச் சாட்டுச் சொல்கிறான்’ என்கின்றோம். கால் நோகின்றது என்பவன் சொல்வது பெரும்பாலும் பொய் என்ற எண்ணத்தை அச்சொல் எத்துணை எளிதாக எமது நாவில் ஏற்றி வைத்துவிட்டது! அச்சொல்லைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, தனது நோவை மறைத்து நடக்கப் பழகுகின்றது. அல்லது வீட்டிலேயே இருந்துவிடப் பழகுகின்றது.

இதனை எழுதுபவனும் இச்சாராரைச் சேர்ந்தவனே. கல்லூரியிற் பௌதிகவியல் கற்பிக்கும் எனக்கு மூட்டுவாதம் வந்து சில ஆண்டுகளாயின. கரும்பலகையின் முன் கால்மணி நேரம் நிற்பேன். எஞ்சிய பாடத்தை அமர்ந்து நடத்துவேன். நெடுந்தூரம் செல்லும் நாட்களிலே சக்கர நாற்காலி என்னுடன் வரும். தென்னிலங்கையில் உள்ள களியாட்டப் பூங்கா ஒன்றுக்குக் குடும்பத்தாருடன் சென்றிருந்தபோது, ஊசலாடும் பெரிய கப்பலில் ஏற விரும்பி, நாற்காலியை விட்டு எழுந்தேன். வாயிலில் நின்ற இளைஞர், “ஐயா, உங்களுக்கு நடக்க ஏலும்தானே, பிறகு ஏன் இந்த நாற்காலி?” என்றார். அவரிடம் கோபித்துப் பயனில்லை. அவருக்கு எவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. “தம்பி, நடக்க ஏலும், வரிசையிலே நிற்கத்தான் ஏலாது” என்றேன். சிறிது யோசித்தவர், மற்றொரு வாயிலைத் திறந்து விட்டார். கப்பல் உச்சிக்குச் சென்று ஒரு கணம் தயங்கி நின்று கீழே பாய்ந்தபோது, உடம்பின் நிறை முழுவதும் கழன்று போயிற்று. நாள்தோறும் மூட்டுகளிற் சுமந்து திரிந்த பாரம் அந்த ஒரு கணத்திற்கு இல்லாது போன இன்பத்தை, நோயில்லாதவர் அறிவது அரிது.

இதில் வியப்பு எதுவுமில்லை. நிற்கும்போது உடம்பின் நிறையை முழங்காலும் கணுக்காலும் தாங்குகின்றன. அமரும்போது ஆசனம் தாங்குகின்றது. ஓடுபொறியிலே மேலே இழுப்பது சங்கிலி. கீழே இறக்குவது புவியீர்ப்பு. ஆகவே, ஒருவருக்கு இரண்டு நிமிட ஓட்டத்தினும் அதற்கு முன் ஒரு மணி நேரம் வரிசையில் நிற்றலே கொடியதாக இருத்தல் கூடும்.

எனினும் எல்லாப் பொறிகளும் எல்லாருக்கும் ஏற்றவை அல்ல. இறக்கத்தின் அடியில் வண்டி திரும்பி மேலேறும்போது, எமது நிறை மும்மடங்கு நான்மடங்கு ஆனதுபோல் உணர்வோம். தலைகீழாகச் சுற்றும் பொறிகள் 19 ஆம் நூற்றாண்டிலே தோன்றியபோது, தண்டவாளத்தைச் சரியான வட்டமாகவே அமைத்தனர். அவ்வட்டத்தினுள் புகும் கணத்தில் ஏற்பட்ட வெட்டு, பயணிகளின் கழுத்தை வருத்தியது. 1976 இல் ஜேர்மனியரான வேர்னர் ஸ்ரெங்கல் என்னும் பொறியியலாளர், வட்டத்தைக் கைவிட்டு, படிப்படியாக வளைவு கூடும் நீர்த்துளி வடிவினைக் கலிபோர்னியாவிலுள்ள ஒரு பொறியிற் கையாண்டார். அதன் பின்னரே தலைகீழ்ச் சுற்று பொறுக்கத்தக்கதாயிற்று. ஆயினும் கழுத்து மூட்டுத் தளர்ந்தவர், இதய நோயாளர், அண்மையிற் சத்திரசிகிச்சை பெற்றவர், கருவுற்ற பெண்டிர் ஆகியோர் இத்தகைய பொறிகளைத் தவிர்க்கவே வேண்டும். இராட்டினமும் மரக்குதிரைச் சுற்றும் ஒரு வகை. வெட்டியிழுக்கும் ஓட்ட வண்டி வேறு வகை. எது தமக்குப் பொருந்தும் என்பதை மருத்துவரிடம் கேட்டறிவது அறிவுடைமை.

பொறியை இயக்குவோர் “நடக்க முடியுமா?” என்று வினவுவது சில வேளைகளில் நியாயமானதே. நடுவழியிலே பொறி நின்றுவிட்டால், உயரமான படிக்கட்டு வழியாகப் பயணிகளை இறக்க நேரிடும். ஆகவே, அவர்கள் கேட்பதற்கு விடை சொல்லுதல் எமது கடன். அவ்விடையை நம்புதல் அவர்கள் கடன். ஐக்கிய அமெரிக்காவில் 2012 முதல் நடைமுறையிலுள்ள விதிகளின்படி, புதிதாக அமைக்கப்படும் ஓடுபொறிகள் பொதுவாக மூன்றில் ஒரு வசதியையேனும் கொண்டிருத்தல் வேண்டும்: சக்கர நாற்காலியோடு ஏறுவதற்கு இடம், நாற்காலியிலிருந்து மாறி அமரத்தக்க ஆசனம், அல்லது மாற்றி அமர்த்துவதற்கு ஒரு கருவி. இலண்டன் மாநகரில் 2000 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட 135 மீற்றர் உயரமான இராட்டினம், மெல்லென ஊர்வதால் ஏற்றி இறக்குவதற்கு வழக்கமாக நிற்பதில்லை. சக்கர நாற்காலியில் வருபவருக்காக நிறுத்துவார்கள். முப்பத்திரண்டு பெட்டிகளிலும் உள்ளோர் அந்தச் சில கணங்கள் காத்திருக்கின்றனர். அதனால் எவருக்கும் குறைவு வந்ததில்லை.

இவ்வகையில் எல்லாவற்றிற்கும் மேலாக நிற்பது டெக்சாஸ் மாநிலத்துச் சான் அன்ரோனியோ நகரில் 2010 இல் திறக்கப்பட்ட மோர்கன்ஸ் வொண்டர்லாண்ட் என்னும் பூங்கா. கோர்டன் ஹார்ட்மன் என்பவர் விடுமுறை ஒன்றிலே நீச்சற் குளத்தில் ஒரு காட்சியைக் கண்டார். உடற்குறையும் உளவளர்ச்சிக் குறையும் உடைய அவருடைய மகள் மோர்கன், அங்கு விளையாடிய பிள்ளைகளோடு சேர விரும்பி நெருங்கினாள். அவளுடன் எவ்வாறு பழகுவதென்று அறியாத பிள்ளைகள் குளத்தை விட்டு விலகிச் சென்றனர். அத்தந்தை வருந்தியதோடு அமையவில்லை. ஏறத்தாழ 25 ஏக்கர் நிலத்திலே, எல்லாரும் சேர்ந்து விளையாடத்தக்க பூங்காவை அமைத்தார். சக்கர நாற்காலியோடு ஏறும் ஊஞ்சல் அங்கு உண்டு. மரக்குதிரைச் சுற்றிலே, குதிரைகள் ஏறி இறங்குவதுபோல நாற்காலி நிற்கும் தட்டும் ஏறி இறங்கும். 2017 இல் நீர் விளையாட்டுப் பகுதியும் சேர்ந்தது. மின்கலம் நனைந்தாற் பழுதாகும் என்பதால், அழுத்திய காற்றினால் இயங்கும் நாற்காலிகளை அங்கு அமைத்திருக்கின்றனர். குறைபாடு உடையோருக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. அது குறைபாடுடையோருக்கு மட்டுமான பூங்கா அன்று என்பது கவனிக்கத்தக்கது. எல்லாரும் வருகின்றனர், சேர்ந்து விளையாடுகின்றனர். விலகிச் சென்ற பிள்ளைகளுக்கும் அது ஒரு பள்ளிக்கூடமே.

அமெரிக்காவிற் பணம் இருக்கின்றது, எமக்கு இது இயலுமா என்று வாசகர் வினவலாம். சென்னை மெரினா கடற்கரையில், மணற்பரப்பைக் கடந்து அலை அருகே சக்கர நாற்காலி செல்வதற்கென 2022 நவம்பரில் ஒரு மரப்பாதை திறக்கப்பட்டது. மறு மாதமே புயலில் அது சேதமுற்றது, பின்னர் திருத்தினர். தம் வாழ்நாளில் முதன்முறையாகக் கடல்நீரிற் கால் நனைத்தோர் அங்கு உளர். தேவைப்பட்டது பலகைப் பாதை. பொறியியல் அற்புதம் எதுவும் அன்று.

எமது நாட்டிலும் சட்டத்திற்குக் குறைவில்லை. வலுவிழந்தோர் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் 1996 இல் வந்தது. பொதுக் கட்டடங்களிற் பிரவேச வசதி பற்றிய ஒழுங்குவிதிகள் 2006 இல் வந்தன. மரம் விழுந்து கால் வலுவிழந்த கலாநிதி அஜித் பெரேரா உயர் நீதிமன்றத்தை நாடி வழக்காடியதன் பயனாக, புதிய பொதுக் கட்டடங்கள் யாவும் அவ்விதிகளுக்கு அமைதல் வேண்டுமென 2011 இல் ஆணை கிடைத்தது. 2016 இல் இலங்கை ஏற்று உறுதி செய்த ஐக்கிய நாடுகள் சமவாயத்தின் 30 ஆம் உறுப்புரை, பொழுதுபோக்கு, விளையாட்டு, ஓய்வு ஆகியவற்றிலும் சமவுரிமை கூறுகின்றது. மருந்தும் உணவும் மட்டுமன்று, களிப்பும் உரிமை என்பது அதன் கருத்து.

சட்டம் கொழும்பில் இருக்க, சாய்தளம் எமது ஊரில் எழவேண்டும். நல்லூர்க் கந்தன் பெருவிழாவின் இருபத்தைந்து நாட்களும் வீதியெங்கும் மணல் பரப்பப்படுகின்றது. அங்கப்பிரதட்சணம் செய்யும் அடியார்க்கு அது மெத்தை. சக்கர நாற்காலிக்கோ புதைகுழி. மணலை அகற்றுக என்பவன் நான் அல்லன். ஓரத்தில் நான்கடி அகலத்திற்குப் பலகையோ தடித்த விரிப்போ இட்டால் இரு சாராரும் கந்தனைக் காண்பர். காணிவேல் நடத்துவோர் இராட்டின மேடைக்கு ஒரு சாய்தளம் வைக்கலாம். ஓரடி உயரத்திற்குப் பன்னிரண்டடி நீளம் என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட கணக்கு; எமது தச்சர் எவரும் ஒரு நாளிற் செய்து தருவர். ஏறும்போது பெட்டி ஆடாமற் பிடித்துக்கொள்ள ஒருவர் நின்றால், எஞ்சியதை இராட்டினம் பார்த்துக்கொள்ளும்.

செல்ல விரும்புவோருக்குச் சில கூறுவேன். முன்கூட்டியே தொலைபேசியில் விசாரியுங்கள். படிகள் எத்தனை, இடையில் நின்றால் எவ்வாறு இறக்குவர் என்று கேளுங்கள். கூட்டம் சேருமுன் காலையிலே செல்லுங்கள். உடலின் வலுவைக் கைக்காசுபோல் எண்ணிச் செலவிடுங்கள்; பிடித்த இரண்டு பொறிகள் போதும். ஏறும் இடத்தில் விட்ட நாற்காலியை இறங்கும் இடத்திற்குக் கொண்டுவர ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். உடன் செல்வோருக்கும் ஒரு சொல்: கேளாமற் தூக்காதீர்கள், கேட்டபின் தாமதியாதீர்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று. ஆண்டுதோறும் எமது பாடசாலைகளிற் கல்விச் சுற்றுலாவுக்குப் பெயர்ப் பட்டியல் எழுதப்படுகின்றது. நடையிற் குறையுள்ள பிள்ளையின் பெயரை, ‘பாவம், அலையவேண்டாம்’ என்ற இரக்கத்தினாலேயே விட்டுவிடுகின்றோம். பெற்றோரும் அதற்கு இசைகின்றனர். பஸ் வண்டி புறப்பட்ட பின்னர் வெறுமையான வகுப்பறையை அப்பிள்ளை பார்த்திருக்கும் காலைப்பொழுது எத்துணை நீண்டது என்பதை நாம் எண்ணுவதில்லை. மாணவர்களே, உங்கள் வகுப்பிலே அத்தகைய தோழர் ஒருவர் இருப்பின், அவருக்காக நீங்கள் முடிவு செய்யாதீர்கள்; “வருகிறாயா?” என்று கேளுங்கள். ‘வருகிறேன்’ என்றால், நாற்காலியை மடித்து பஸ்ஸில் ஏற்றுவதற்கு இரண்டு பேர் போதும்.