பாடும்போது மாட்டுங்கள், முடித்ததும் கழற்றுங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது: "வீட்டிலேயே பாட்டு ரெக்கார்ட் செய்ய எந்த மைக் வாங்கலாம்?" என் பதில்: முதலில் நல்ல ஹெட்போன் வாங்குங்கள்.

இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. மண்ணூரில் எங்கள் வீட்டு மாடி அறைதான் என் ஸ்டுடியோ. ஒரு மார்கழியில் அப்பாவை பஜனைப் பாட்டு பாடச் சொன்னேன். ஆர்மோனிய இசையை ஸ்பீக்கரில் ஓடவிட்டு, அவர் குரலை மைக்கில் பதிந்தேன். மைக்குக்கு எது குரல், எது ஸ்பீக்கர் என்று தெரியாது. இரண்டையும் சேர்த்தே பதிந்துவிட்டது. பிறகு இசையைக் குறைத்தால் குரலும் குறைந்தது. இப்போது குரலைத் தனியே பிரிக்கும் சாப்ட்வேர்கள் உண்டு. முயன்றேன்; குரல் தகர டப்பாவுக்குள் இருந்து வருவதுபோல் வந்தது. மறுபடி பாட அப்பா இல்லை.

காதை முழுவதும் மூடும், பின்பக்கம் அடைத்த 'குளோஸ்டு பேக்' ஹெட்போன் அன்று இருந்திருந்தால் போதும். திறந்த வகையில் இசை வெளியே கசிந்து மைக்கில் ஏறும். புளூடூத் வேண்டாம், ஒலி தாமதமாக வரும். வயர் உள்ளதே நல்லது.

உங்கள் குரலே ஹெட்போனில் பிந்தி வருகிறதா? ரெக்கார்டிங் சாப்ட்வேரில் பஃபர் அளவைக் குறையுங்கள். 44,100 சாம்பிள் வேகத்தில் 1024 என்ற பஃபர் மட்டுமே சுமார் 23 மில்லிசெகண்ட் தாமதம் தரும். 256 என்றால் சுமார் 6.

ஹெட்போன் மாட்டினால் சுருதி விலகுகிறது என்பார்கள் சிலர். உண்மைதான். ஒரு காதை மட்டும் திறந்து வைத்துப் பாடுங்கள். திறந்த பக்கத்து ஒலியை நிறுத்திவிடுங்கள்.

வீட்டு ஸ்டுடியோ என்றால் இளக்காரம் வேண்டாம். 1992ல் வந்த 'ரோஜா' பாடல்களை ஏ.ஆர்.ரஹ்மான் பதிவு செய்தது, கோடம்பாக்கத்தில் தன் வீட்டை ஒட்டி அமைத்த ஸ்டுடியோவில்தான்.

ஒரே எச்சரிக்கை, சத்தம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். ஒரகடம் பக்கம் இரைச்சலான தொழிற்சாலையில் ஷிப்ட் முடித்து வந்து ரெக்கார்ட் செய்யும் நண்பர்களே, உங்கள் காது அன்றைய பங்கில் பெரும்பகுதியை ஏற்கெனவே செலவழித்திருக்கலாம். வால்யூமைக் குறைத்தே வையுங்கள்.

கடைசியாக மிக்ஸ் செய்யும்போது ஹெட்போனைக் கழற்றி, ஸ்பீக்கரிலும் ஒருமுறை கேளுங்கள். வீட்டில் எல்லோரும் சேர்ந்து கேட்கப்போவது அதில்தானே!