உட்கார்ந்து பார்க்க ஒரு கோயில்



தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் போகிற பேருந்தில், ஐயம்பேட்டைக்குச் சற்று முன்னால் பசுபதிகோயில் நிறுத்தம் வரும். அதை ஒட்டிய சிற்றூர் புள்ளமங்கை. போன மாதம் போயிருந்தேன். மேட்டூர்த் தண்ணீர் வந்து சேர்ந்திருந்ததால் குடமுருட்டி நிறைந்து ஓடிக்கொண்டிருந்தது. கோயிலில் குருக்களையும் என்னையும் தவிர யாரும் இல்லை.

சுவாமிக்குப் பிரம்மபுரீஸ்வரர் என்று பெயர். சம்பந்தர் பாடிய பெயர் ஆலந்துறை. ஆற்றுத்துறை அந்தப் பெயரிலேயே இருக்கிறது. இப்போதுள்ள கற்றளி முதலாம் பராந்தக சோழன் (907–955) காலத்தது. 1010-இல் முடிந்த தஞ்சைப் பெரிய கோயிலுக்கு இது ஏறக்குறைய நூறு ஆண்டு மூத்த அக்காள்.

அர்த்தமண்டபச் சுவரில் ஒரு துர்க்கை. எருமைத்தலை மேல் நிற்கிறாள். தலைக்கு மேல் குடை, பக்கத்தில் சிங்கமும் மானும். எதிர்ப்புறச் சுவரில் பூதகணங்கள் சூழப் பிள்ளையார். இந்த இருவரையும் நின்றபடியே கும்பிட்டுவிடலாம். ஆனால் கருவறைச் சுவரின் அடிப்பகுதியைப் பார்க்கக் குத்துக்காலிட்டு உட்கார வேண்டும். கையகலக் கற்களில் இராமாயணக் காட்சிகளையும் சிவ வடிவங்களையும் செதுக்கி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு முகத்துக்கும் தனித்தனி பாவம். நடந்துகொண்டே பிரகாரம் சுற்றுகிறவர் கண்ணில் இவை படவே படாது. பெரிய கோயில் நம்மை அண்ணாந்து பார்க்க வைக்கிறது. இது உட்கார வைக்கிறது.

“சிவன் கோயிலுக்குப் போனால் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் வர வேண்டும்” என்று பாட்டி சொல்வார். சாஸ்திரம் என்றே அதை இத்தனை நாள் நினைத்திருந்தேன். அது பார்க்கத் தெரிந்தவர்கள் சொல்லி வைத்த யோசனையும்கூட என்று புள்ளமங்கையில் புரிந்தது.

ஒரே நாளில் ஒன்பது கோயில், பத்து கோயில் என்று ஓடுகிறோம். அடுத்த விடுமுறையில் ஒரே ஒரு ஆற்றங்கரைக் கோயிலுக்குப் பிள்ளைகளோடு போய் வாருங்கள். சிற்பங்களின் மேல் எண்ணெயும் திருநீறும் பூசாதீர்கள். பிள்ளைகள் தொட வந்தால், எட்ட நின்று பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் ஊர்ப் பக்கம் இப்படி ஆள் வராத கோயில் இருந்தால், அங்கே உட்கார்ந்து பார்த்ததை எங்களுக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்