எந்தப் பங்கு?

காட்டூர்ப் பக்கம் வாடகைக்கு வீடு தேடி வருகிறவர் கிறித்தவராக இருந்து, வீட்டுக்காரரும் கிறித்தவராக இருந்துவிட்டால், முன்பணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே ஒரு கேள்வி வரும். 'எந்தப் பங்கு?' ஒரு பங்குத் தந்தையின் பொறுப்பில் உள்ள வட்டாரத்தைக் கத்தோலிக்கர் பங்கு என்பர். கேட்பவர் பக்தியினால் கேட்கிறார் என்றே வெளியார் எண்ணிக்கொள்வர். சாதியை வாய்விட்டுக் கேட்பது தவறென்று மறைக்கல்வி வகுப்பிலேயே கற்றுவிட்டவர்கள் நாங்கள். ஆகையால் பங்கைக் கேட்கிறோம். பங்கு தெரிந்தால் ஊர் தெரியும். ஊர் தெரிந்தால் தெருவைக் கேட்கலாம். தெரு தெரிந்தபின் கேட்பதற்கு ஒன்றும் இருக்காது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் இந்தக் கேள்வியை நானே கேட்டேன். எங்கள் வீட்டு மாடி காலியாக இருந்தது. திருவெறும்பூர்ப் பக்கம் ஒரு சிறு தொழிற்கூடத்தில் வெல்டராக வேலை செய்யும் இளைஞர் ஒருவர் மனைவியோடு வந்தார். நல்ல பிள்ளைகள். அந்தப் பெண்ணின் கழுத்தில் சிலுவை தொங்கியது. 'எந்தப் பங்கு தம்பி?' என்றேன். சொன்னார். எனக்குத் தெரிந்த ஊர்தான். 'கோயிலுக்குப் பக்கத்திலா?' 'இல்லைங்க சார், காலனிப் பக்கம்.' அவர் தயங்காமல் சொன்னார், தயங்கியவன் நான். என் தாயார் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தார் என்று பழியை அவர்மேல் போடலாம். ஆனால் அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. 'உறவினர் ஒருவர் வருவதாகச் சொல்லியிருக்கிறார், அவரைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்' என்று அனுப்பிவைத்தேன். எந்த உறவினரும் வருவதாக இல்லை.

அடுத்த ஞாயிறு பூசையில் அவர்கள் எனக்கு முன் வரிசையில் இருந்தனர். ஒருவருக்கொருவர் சமாதானம் பகிரும் வேளை வந்தபோது அவர் திரும்பி என்னைப் பார்த்துக் கைகூப்பினார். நானும் கூப்பினேன்.

அந்த வாரம் வகுப்பில் நான் நடத்திக்கொண்டிருந்தது மாயூரம் வேதநாயகம் பிள்ளை. தமிழின் முதல் நாவலாசிரியர் என்ற ஒற்றை வரியில் அவரை அடக்கிவிடுவது எங்கள் பாடத்திட்டத்தின் வழக்கம். திருச்சிக்கு அருகே குளத்தூரில் 1826-இல் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, திருச்சி நீதிமன்றத்தில் பதிவேடுகளைக் காத்து, பின் அங்கேயே மொழிபெயர்ப்பாளராகி, 1857-இல் தரங்கம்பாடியில் முன்சீப் ஆனவர். தேவமாதாவின் மீது அந்தாதி பாடியவர். எனினும் அவருடைய நூல்களுள் கிறித்துவம் மிகுதியாகச் செயல்பட்டது எது என்று என்னைக் கேட்டால், பக்திப் பனுவல்களைச் சொல்லமாட்டேன். 1862-இல் வெளியிட்ட 'சித்தாந்த சங்கிரகம்' என்பேன். கிறித்துவின் பெயரை முன்வைக்கும் நூலன்று அது. 1805 முதல் 1861 வரை சதர் நீதிமன்றம் ஆங்கிலத்தில் வழங்கிய தீர்ப்புகளைச் சுருக்கித் தமிழில் தந்தது. அன்றைய நீதிமன்றத்தில் வாதியும் தமிழர், பிரதிவாதியும் தமிழர். தங்கள் நிலம் ஏன் போயிற்று என்று அறிய அவர்கள் இன்னொருவர் காலைப் பிடிக்க வேண்டும். அந்த இன்னொருவரின் வருமானம் அந்த அறியாமையில் இருந்தது. பிள்ளையவர்கள் அதில் கைவைத்தார். 'பிரதாப முதலியார் சரித்திர'த்தில் தமிழ் வழக்கறிஞர்கள் தமிழர் வழக்கை ஆங்கிலத்தில் வாதிடும் விநோதத்தை அவர் எள்ளுவதைப் படித்துச் சிரிக்கும் மாணவர்களுக்கு, அதே மனிதர் பதினேழு ஆண்டுகளுக்கு முன்பே அலுவலக மேசையில் அமர்ந்து அந்த வேலையைச் செய்து முடித்திருந்தார் என்பதைச் சொல்ல வேண்டும். நீதி நூலில் கைக்கூலியைக் கண்டித்து எழுதியவர், கைக்கூலி தாராளமாகப் புழங்கிய துறையில் இருந்துகொண்டே எழுதினார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், எவரைப் பற்றியும் எவரும் எழுதலாம்.

தாது வருடப் பஞ்சத்தில் (1876-78) அவர் தம் பொருளைச் செலவிட்டுக் கஞ்சித் தொட்டிகள் அமைத்ததையும், கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் போற்றிக் கீர்த்தனை பாடியதையும் எல்லாரும் சொல்வர். சைவப் பெரும்புலவரான மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இந்தக் கத்தோலிக்கர் மீது 'குளத்துக் கோவை' பாடியதையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆயினும் எனக்குக் கஞ்சித் தொட்டியைவிடத் தீர்ப்புத் தொகுப்பே பெரிது. பஞ்சத்தில் இரங்குவதற்குப் பலரால் முடியும். தம் நாற்காலி தமக்குத் தரும் சிறு அதிகாரத்தை, எதிரே நிற்பவனின் கையில் எடுத்துக் கொடுப்பவர் அரியர்.

அவரை நான் புனிதராக்கவில்லை. சாதியை எதிர்த்துப் போர் தொடுத்தவர் என்று அவரைச் சொல்ல முடியாது. பெயரின் பின்னால் பிள்ளை கடைசிவரை ஒட்டிக்கொண்டே இருந்தது. அவருக்கு முந்திய மற்றொரு வேதநாயகத்தை, தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரை, எடுத்துக்கொண்டால் நிலைமை இன்னும் சங்கடமானது. 'பெத்லகேம் குறவஞ்சி' தந்த பெருங்கவிஞர் அவர். சீர்திருத்தச் சபையில் எல்லாச் சாதியாரும் கலந்து அமர வேண்டும் என்று புதிய மிஷனரிகள் வற்புறுத்தியபோது, அதை எதிர்த்துச் சாதி ஆசாரத்துக்காக வாதாடி எழுதினார். 1833-இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாடு கூடாதென்று கண்டிப்பாக அறிவித்ததும், தஞ்சையில் பெருந்தொகையினர் சபையை விட்டு விலகினர். வேதத்தை விட முடிந்தவர்களுக்கு வரிசையை விட முடியவில்லை. சாஸ்திரியாரின் பாடல்களை நானும் உருகிப் பாடியிருக்கிறேன், இனியும் பாடுவேன். உருக்கம் உண்மையானது. அது வாசற்படி தாண்டி வருவதில்லை, அவ்வளவுதான்.

இது பழங்கதை என்பவர்கள் மேலப்புதூர் வரை வந்து பார்க்கலாம். அங்குள்ள கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறித்தவர்களைப் புதைக்கும் இடத்தைப் பிரித்து எழுப்பிய சுவரைப் பற்றி நாளேடுகள் எத்தனையோ முறை எழுதிவிட்டன. 2010-இல் போராட்டக்காரர்கள் அதை இடிக்கவும் முனைந்தார்கள். 2003-இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் தமிழக ஆயர்களைச் சந்தித்தபோது சாதிப் பாகுபாட்டைக் கண்டித்துப் பேசினார். 2016-இல் இந்திய ஆயர் பேரவை தலித் கிறித்தவர்களுக்கென ஒரு கொள்கை அறிக்கையே வெளியிட்டது. பாமாவின் 'கருக்கு' வந்து முப்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. இமையத்தின் 'கோவேறு கழுதைக'ளில் ஆரோக்கியம் தன் மகன் சாமியாராக வேண்டும் என்று ஏங்குவதைப் பற்றி நான் கருத்தரங்கில் கட்டுரை வாசித்து, கைதட்டும் பெற்றிருக்கிறேன். அதே வாயால்தான் 'எந்தப் பங்கு' என்று கேட்டேன்.

நம் சபைகள் நடத்தும் பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் ஏன் சொல்லவில்லை என்று நண்பர்கள் கேட்பார்கள். அவற்றின் பெருமையை மறுக்கவில்லை. நான் படித்ததே அப்படிப்பட்ட ஒரு பள்ளியில்தான். ஆனால் அவை நிறுவனத்தின் நற்செயல்கள். அவற்றில் என் பங்கு ஞாயிற்றுக்கிழமை உண்டியலில் விழும் தாள். கிறித்துவின் போதனை என்னிடம் கணக்குக் கேட்கும் இடங்கள் வேறு, அவை மிகச் சிலவே: அகமதிப்பீட்டு மதிப்பெண் போடும் என் பேனா, வீட்டு வேலைக்கு வரும் அம்மாளுக்குத் தனியே வைத்திருக்கும் தம்ளர், மாடி வீட்டுச் சாவி. பிறர்மேல் எனக்கு ஏதேனும் அதிகாரம் உண்டென்றால் அது இவ்விடங்களில்தான். பகைவனை நேசிக்கச் சொன்னவரைப் பின்பற்றுவது பற்றி நாம் பெரிதாகப் பேசுகிறோம். எனக்குப் பகைவரே இல்லை. குடியிருக்க வந்தவர் ஒருவர்தான் இருந்தார்.

உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முன் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னேன். பொய் சொன்னேன் என்று மட்டும் சொல்லித் தப்பப் பார்த்து, பிறகு முழுவதையும் சொல்லிவிட்டேன். மூன்று அருள்நிறை மரியே சொல்லச் சொன்னார் சாமியார். கோயிலை விட்டு வெளியேறும் முன்பே சொல்லி முடித்தேன்.

தம்ளர் விஷயம் சுலபமாக முடிந்தது. என் மனைவி ஒரு நாள் எல்லாத் தம்ளர்களையும் கலந்து அடுக்கிவிட்டாள், தாயார் இரண்டு நாள் முணுமுணுத்தார். மாடியில் வேறொரு குடும்பம் வந்தது. அவர்கள் எந்தப் பங்கு என்று தெரியும் என்பதால் கேட்கவில்லை. மாற்றல் கிடைத்து அவர்களும் அடுத்த மாதம் போகிறார்கள். அந்த வெல்டர் இப்போது பால்பண்ணைப் பக்கம் குடியிருக்கிறார். கைக்குழந்தையோடு இன்னும் இதே கோயிலுக்குத்தான் வருகிறார்கள். எங்கள் மாடி அவருக்கு இனித் தேவைப்படாது. ஆனாலும் இந்த ஞாயிறு, உறவினர் எவரும் வருவதாக இருக்கவில்லை என்பதை அவரிடம் சொல்ல எண்ணியிருக்கிறேன்.