மீண்டும் ஒரு சத்திரசிகிச்சையா?



இம்மாதம் இப்பக்கத்தை ஒரேயொரு கடிதத்துக்கே ஒதுக்கியிருக்கிறேன். எழுதிய சகோதரி தன் பெயரும் ஊரும் வெளிவரக் கூடாது என்று கேட்டிருக்கிறார். பதிலைத் தபாலில் அனுப்பிவிட்டு இருந்திருக்கலாம். ஆனால் இதே கவலையை எவரிடமும் சொல்லாமல் மனதுக்குள் வைத்திருக்கும் வேறு சகோதரிகளும் இருக்கக் கூடும் என்பதால் இங்கேயே எழுதுகிறேன்.

அவருக்கு வயது 34. மூன்று பிள்ளைகள், மூன்றும் சிசேரியன். கடைசிப் பிள்ளைக்குப் பிறகு அடிவயிற்றுத் தோல் மடிந்து தொங்கிவிட்டது. மடிப்புக்குள் வியர்வை தங்கி, வெக்கை நாட்களில் புண்ணாகிவிடும். வயிற்றுத் தசைகள் நடுவே விலகியிருந்ததால் குனிந்து நிமிர்வதும் பிள்ளையைத் தூக்குவதும் கஷ்டமாக இருந்தது. வெளிநாட்டில் தொழில் செய்யும் கணவர் பணம் அனுப்ப, ஒரு தனியார் வைத்தியசாலையில் 'டம்மி டக்' என்று சொல்லப்படும் வயிற்றுச் சத்திரசிகிச்சையைச் செய்துகொண்டார். தொங்கும் தோலை வெட்டி நீக்கி, விலகிய தசைகளை இழுத்துத் தைத்து, தொப்புளைப் புதிய இடத்தில் அமைக்கும் சிகிச்சை அது.

இப்போது எட்டு மாதங்கள் கடந்துவிட்டன. புண் தொல்லை போய்விட்டது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் இடுப்பின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை ஓடும் தழும்பு தடித்துக் கறுத்து அரிக்கிறது. அதன் இரு முனைகளிலும் சதை சிறு பை போலப் பிதுங்கி நிற்க, பாவாடை நாடா அதில் உராய்கிறது. தொப்புள் சற்று ஒரு பக்கமாக இருக்கிறது. சாப்பிட்டால் மேல்வயிறு முன்போலவே தள்ளுகிறது. செய்த டொக்டர், இன்னொரு முறை செய்து சீராக்கலாம் என்று சொல்லியிருக்கிறார். கணவர் நோன்புப் பெருநாளைக்கு லீவில் வருகிறார். அவர் வருவதற்குள் நகையை ஈடு வைத்தாவது செய்து முடித்துவிட வேண்டும் என்பது சகோதரியின் எண்ணம். மாமியாரோ, "அல்லாஹ் படைத்ததில் கை வைத்ததற்கு இதுதான் தண்டனை, இதோடு இருந்துகொள்" என்கிறாராம்.

"நான் செய்தது பாவமா? இரண்டாவது முறையும் செய்தால் அது இன்னும் பெரிய பாவமா?" இதுதான் கேள்வி.

சகோதரியே, முதலில் உங்கள் மாமியாரின் வார்த்தையை எடுத்துக்கொள்வோம். அவர் சொன்னதற்கு ஓர் அடிப்படை இல்லாமல் இல்லை. அல்லாஹ்வின் படைப்பை மாற்றுமாறு மனிதர்களை ஏவுவேன் என்று ஷைத்தான் கூறியதை ஸூரத்துன் நிஸாவின் 119ஆம் வசனம் எடுத்துச் சொல்கிறது. அழகுக்காகப் பற்களை இடைவெளியாக்கிக் கொள்ளும் பெண்களை அல்லாஹ் சபித்துள்ளதாக இப்னு மஸ்ஊத் (ரழி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. ஆனால் அந்த ஹதீஸில் 'அழகுக்காக' என்ற சொல்லை உலமாக்கள் சும்மா விட்டுவிடவில்லை. நோய்க்காகவோ, பல்லிலுள்ள குறைக்காகவோ செய்வது அதில் அடங்காது என்று இமாம் நவவி (ரஹ்) போன்றோர் விளக்கியிருக்கிறார்கள். 2007ஆம் ஆண்டு மலேசியாவின் புத்ராஜாயாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமியும் இந்த அடிப்படையில்தான் முடிவு சொன்னது. குறையை நீக்கவும் உறுப்பின் தொழிலைத் திருப்பிக் கொடுக்கவும் செய்யும் சத்திரசிகிச்சை ஒரு வகை. ஒரு குறையும் இல்லாமல் ஆசைக்காகச் செய்வது இன்னொரு வகை.

தோல் மடிப்பில் புண், தசை விலகல் என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்க்கும்போது உங்கள் முதல் சிகிச்சையைப் பாவம் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. அதனுள் அழகாக இருக்கும் ஆசையும் கொஞ்சம் கலந்திருந்தால் அது உங்களுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையிலான விடயம். தௌபாவின் வாசல் திறந்தே இருக்கிறது. ஒரு தழும்பைப் பார்த்து, இது அல்லாஹ் கொடுத்த தண்டனை என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் எவருக்கும் கிடையாது. அந்தத் தோல் தொங்கியது அவருடைய பேரப்பிள்ளைகளைச் சுமந்ததால்தான் என்பதை உங்கள் மாமியாருக்கு யாராவது பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

இனி இரண்டாவது சிகிச்சை. அபூதாவூதிலும் திர்மிதியிலும் அர்பஜா இப்னு அஸ்அத் (ரழி) அவர்களுடைய ஹதீஸ் ஒன்று இருக்கிறது. ஜாஹிலிய்யாக் காலத்தில் குலாப் என்ற யுத்தத்தில் அவருடைய மூக்கு வெட்டப்பட்டுவிட்டது. வெள்ளியால் ஒரு மூக்குச் செய்து பொருத்திக்கொண்டார். அது துர்வாடை வீச ஆரம்பித்தது. நபி (ஸல்) அவர்கள் பொன்னால் ஒரு மூக்குச் செய்துகொள்ளுமாறு அவருக்குச் சொன்னார்கள். ஆண்களுக்குப் பொன் ஹராம் என்பது உங்களுக்குத் தெரியும்; அப்படியிருந்தும் சொன்னார்கள்.

மத்ரஸாவில் இந்த ஹதீஸைப் பல தடவை பாடம் நடத்தியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் பொன்னின் சட்டத்தைப் பற்றியே பேசிவிட்டுப் போயிருக்கிறேன். உங்கள் கடிதத்தை வாசித்த பிறகுதான், அந்த ஸஹாபிக்கும் முதல் முயற்சி சரிவரவில்லை என்பது என் கவனத்துக்கு வந்தது. ஒரு முறை செய்தாயிற்று, இனி நாற்றத்தோடு இருந்துகொள் என்று அவரிடம் சொல்லப்படவில்லை. ஆகவே இரண்டாவது முறை என்பதற்காக மட்டும் ஒரு சிகிச்சை பாவமாகிவிடாது. அதே நேரம், பொன் இன்னும் அழகாக மின்னும் என்பதற்காகவும் அவர் மாற்றவில்லை. வெள்ளி மூக்கால் ஒரு தொல்லை இருந்தது, அதை நீக்கினார்.

இதை வைத்துக்கொண்டு உங்கள் நான்கு முறைப்பாடுகளையும் பிரித்துப் பாருங்கள். வைத்திய விடயத்தில் வாய்க்கு வந்தபடி எழுதக் கூடாது என்பதால், எனக்குத் தெரிந்த ஒரு லேடி டொக்டரிடம் உங்கள் பெயரைச் சொல்லாமல் விளக்கம் கேட்டேன்.

முனைகளில் பிதுங்கி நிற்கும் சதை இந்தச் சிகிச்சைக்குப் பின் பலருக்கு வருவதுதானாம். தானாகக் குறையாவிட்டால், பெரும்பாலும் அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்து வெட்டித் தைத்துவிடலாம். முழு மயக்கம் தேவைப்படாது. நாடா உராய்ந்து தொந்தரவு தருவதால் இதை நீக்குவதில் மார்க்கத் தடை எதையும் நான் காணவில்லை.

தடித்த தழும்பு விடயத்தில்தான் அவசரம் ஆபத்து. தழும்பு முற்றி அடங்க ஒரு வருடம் முதல் ஒன்றரை வருடம் வரை செல்லும் என்கிறார் அவர். எட்டு மாதத்தில் சிவந்தோ கறுத்தோ தடித்திருப்பது பிறகு தணிந்துவிடக் கூடும். சிலருடைய உடலில் தழும்பு காயத்தின் எல்லையையும் தாண்டி வளரும், கீலொய்ட் என்பார்கள். நம்மைப் போன்ற கறுத்த, மாநிறத் தோல்காரருக்கு அது கூடுதலாக வரும். அதை வெட்டி எடுத்தால் மட்டும் போதாது, முன்னையதைவிடப் பெரிதாகத் திரும்பி வரலாம். கத்திக்கு முன் சிலிக்கன் பட்டி, தழும்புக்குள் போடும் ஊசி என்று வேறு வழிகள் இருக்கின்றன. உங்களுடைய தழும்பு எந்த வகை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மேல்வயிறு தள்ளுவது பற்றி அவர் சொன்னது எனக்கும் புதிது. தோலுக்கு உள்ளே, தசைக்கும் பின்னால், குடலைச் சுற்றிச் சேரும் கொழுப்பை இந்தச் சிகிச்சை தொடுவதே இல்லை. அதற்குச் சோற்றுக் கோப்பையும் நடையும்தான் மருந்து. (இது எனக்கும் சேர்த்துச் சொல்லப்பட்டது போலிருந்தது.) காரணம் அதுவானால் இன்னும் இரண்டு முறை வெட்டினாலும் வயிறு தட்டையாகாது. ஆனால் இருமும்போது ஒரு கட்டி வெளியே வருவது, நோவு, வாந்தி, தழும்பில் சூடு, நீர் கசிவு, காய்ச்சல் போன்றவை இருந்தால் அது வேறு கதை. அப்போது ஒரு நாளும் தாமதிக்காமல் வைத்தியரிடம் போக வேண்டும்.

தொப்புள் மிஞ்சுகிறது. அதில் நோவும் இல்லை, தொல்லையும் இல்லை. கணவரைத் தவிர எவரும் காணப் போவதுமில்லை. அதற்காக மட்டும் இன்னொரு முறை முழு மயக்கத்தில் படுப்பதை நான் சரிகாணவில்லை. மயக்க மருந்தின் ஆபத்தும், காலில் இரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போகும் ஆபத்தும் குறைவுதான் என்றாலும், இல்லாமல் இல்லை. ஒரு தீங்கை அதே அளவான இன்னொரு தீங்கால் நீக்கக் கூடாது என்பது நமது பிக்ஹின் அடிப்படைகளில் ஒன்று. கருத்து வேறுபடும் ஆலிம்கள் இருக்கலாம். என்னிடம் கேட்டதால் என் கருத்தைச் சொல்கிறேன்.

ஆகவே பெருநாளைக்கு முன் என்ற தவணையை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். கணவரின் லீவுத் திகதியைப் பார்த்துக் காயம் ஆறுவதில்லை. வெட்டினால் அவர் வரும் நாளில் புதுத் தையலோடுதான் நிற்பீர்கள். அவர் இந்தத் தழும்பைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொன்னதாக உங்கள் கடிதத்தில் எங்கும் இல்லை. நீங்களாகவே அவருக்காகப் பயப்படுகிறீர்கள். இன்றே தொலைபேசியில் அவரிடம் இருப்பதை இருந்தபடி சொல்லுங்கள். இன்னொரு பிள்ளை வேண்டுமா என்பதையும் இருவரும் சேர்ந்து பேசுங்கள். வேண்டுமானால், கர்ப்பத்தில் வயிறு மறுபடியும் விரியும் என்பதால் இப்போது செய்யும் சிகிச்சை வீணாகிப் போகலாம்.

நகை விடயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். உயிருக்கு ஆபத்தில்லாத ஒரு சிகிச்சைக்காக வட்டிக்கு ஈடு வைப்பது கூடாது. அது உங்கள் மஹர் நகையானால் விற்பதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனாலும் முதலில், இதில் இலாபம் எதுவும் இல்லாத இன்னொரு பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணரிடம் காட்டிக் கருத்துக் கேளுங்கள். எதைச் சீராக்க முடியும், எதை முடியாது, ஒன்றும் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்று நேராகவே கேளுங்கள். பெண் வைத்தியர் கிடைத்தால் அவரே முதன்மை. கிடைக்காவிட்டால் ஆண் வைத்தியரிடம் செல்லலாம், தனியே போகாமல் துணையோடு. தேவையான இடத்தை மட்டும் காட்டினால் போதும்.

இஸ்திகாராத் தொழுதுவிட்டுக் கனவுக்காகக் காத்திருக்கும் வழக்கம் நம் பெண்களிடம் இருக்கிறது. இஸ்திகாராவுக்குக் கனவு நிபந்தனையல்ல. வைத்தியரிடம் விசாரித்து, கணவரோடு கலந்து, மனம் எந்தப் பக்கம் சாய்கிறதோ அதற்காக இரண்டு ரக்அத் தொழுது துஆக் கேட்டுவிட்டு, அடுத்த அலுவலைப் பாருங்கள்.

கடைசியாகத் தொழுகையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். முனைச் சதையை நீக்கிக் கட்டுப் போட்டாலும் வுழூவின் உறுப்புகளுக்கு அதனால் பாதிப்பில்லை. வழமைபோல் வுழூச் செய்யலாம். குளிப்புக் கடமையாகி, கட்டில் தண்ணீர் படக் கூடாது என்று வைத்தியர் சொல்லியிருந்தால், ஷாபிஈ மத்ஹபின்படி மற்ற இடங்களைக் கழுவி, கட்டின் மேல் ஈரக் கையால் தடவி, கழுவ முடியாத இடத்துக்காகத் தயம்மும் செய்ய வேண்டும். நிமிர்ந்து நிற்க முடியாத நாட்களில் உட்கார்ந்து தொழுங்கள். முதல் சிகிச்சையின்போது பத்து நாள் தொழுகையை விட்டுவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அவற்றைச் சிறிது சிறிதாகக் கழாச் செய்துவிடுங்கள். ஒவ்வொரு பர்ழோடும் ஒன்றைச் சேர்த்துத் தொழுதால் பத்தே நாளில் முடிந்துவிடும்.